பயந்த மனிதரின் செபம்

செபித்தால் பயம் போய்விடும் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். இருட்டைக் கண்டு அழும் குழந்தையின் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்து, ஓர் அருள்நிறைந்த மரியே சொல்லித் தூங்க வைக்கிறோம். நல்ல பழக்கம்தான், அதை விட்டுவிட வேண்டாம். ஆனால் வளர்ந்த பிறகு நம்மில் பலருக்கு வேறோர் அனுபவம் நேர்கிறது. கிறிஸ்தவர் என்ற ஒரே காரணத்துக்காக வேலை செய்யும் இடத்தில் ஒதுக்கப்படுகிறோம். மனச்சான்றுக்கு ஒவ்வாத ஒன்றில் கையெழுத்துப் போட மறுத்ததால் மேலதிகாரியின் பகையைச் சம்பாதித்துக்கொள்கிறோம். சில வேளைகளில் சொந்தக் குடும்பமே நம்மைப் பிழைக்கத் தெரியாதவர் என்கிறது. முழந்தாளிட்டு மணிக்கணக்காகச் செபிக்கிறோம். எழுந்த பின்னும் நெஞ்சு படபடக்கிறது. நமக்கு விசுவாசம் போதவில்லையோ என்ற சந்தேகம் அப்போதுதான் தலைதூக்குகிறது.

மறைசாட்சிகளின் வரலாறுகள் சில நேரம் இந்தச் சந்தேகத்தைக் கூட்டிவிடுவதும் உண்டு. சிங்கத்தின் முன்னும் தீயின் நடுவிலும் பாடிக்கொண்டே போனவர்களை வாசிக்கும்போது, அவர்கள் ஏதோ வேறு மண்ணில் செய்யப்பட்டவர்கள் என்று தோன்றுகிறது. ஆகவே இந்த முறை, பயந்துகொண்டே போன ஒரு மறைசாட்சியைப் பற்றிப் பேசுவோம். தனக்குப் பயமாக இருக்கிறது என்பதை அவரே தம் மகளுக்குக் கடிதமாக எழுதி வைத்திருக்கிறார். ஜூன் 22-ஆம் நாள் ஆயர் ஜான் ஃபிஷரோடு சேர்த்து நாம் நினைவுகூரும் புனித தாமஸ் மூர்தான் அவர்.

மூர் 1478-ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் ஒரு வழக்கறிஞரின் மகனாகப் பிறந்தார். சிறுவனாக இருந்தபோது காண்டர்பரி பேராயரின் இல்லத்தில் பணிவிடை செய்து வளர்ந்தார். ஆக்ஸ்போர்டில் இரண்டு ஆண்டுகள் படித்தபின், தந்தையின் விருப்பப்படி சட்டம் பயின்றார். அந்த வயதில் அவருக்குள் ஒரு போராட்டம் இருந்தது. துறவு வாழ்வா, இல்லறமா? இலண்டனில் கர்த்தூசியன் துறவிகளின் மடம் ஒன்று இருந்தது. வார்த்தைப்பாடு எதுவும் கொடுக்காமல் அந்த மடத்தை ஒட்டி ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் வாழ்ந்து, அவர்களுடைய செபத்திலும் தவத்திலும் பங்குகொண்டார். முடிவில் இல்லறமே தம் அழைப்பு என்று தெளிந்து 1505-இல் ஜேன் என்ற பெண்ணை மணந்தார். மார்கரெட், எலிசபெத், செசிலி, ஜான் என்று நான்கு பிள்ளைகள். 1511-இல் ஜேன் இறந்துபோகவே, தாயில்லாத பிள்ளைகளுக்காகச் சில வாரங்களிலேயே ஆலிஸ் என்ற விதவையை மணந்துகொண்டார். அன்றைய இங்கிலாந்தில் அரிதான ஒன்றை அவர் தம் வீட்டில் செய்தார்: பெண் பிள்ளைகளுக்கும் இலத்தீனும் கிரேக்கமும் கற்பித்தார். மூத்த மகள் மார்கரெட், ஆண்டவர் கற்பித்த செபத்தைப் பற்றி எராஸ்மஸ் எழுதிய இலத்தீன் நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கும் அளவுக்குத் தேர்ந்தார்.

கர்த்தூசியர் மடத்தை விட்டு வந்தாரே தவிர, அந்த மடத்தின் பழக்கங்கள் அவரை விட்டுப் போகவில்லை. பட்டும் பதக்கமும் அணிந்த அரசவை உடைக்கு உள்ளே, உடம்பை உறுத்தும் மயிராடை ஒன்றை அணிந்திருந்தார். அது மார்கரெட்டுக்கு மட்டும் தெரியும், அதைத் துவைத்துக் கொடுத்தவர் அவர்தான். செல்சியில் கட்டிய வீட்டிலிருந்து சற்றுத் தள்ளி, சிற்றாலயமும் நூலகமும் கொண்ட தனிக் கட்டடம் ஒன்றை எழுப்பி, வெள்ளிக்கிழமைகளை அங்கே செபத்திலும் வாசிப்பிலும் கழித்தார். இரவில் குடும்பம் முழுவதும், பணியாளர்கள் உட்பட, ஒன்றாகச் செபித்தார்கள். சாப்பாட்டு வேளையில் யாராவது ஒருவர் திருநூலை வாசிப்பார்.

பங்கு மக்களாகிய நமக்குப் பிடித்தமான ஒரு நிகழ்ச்சியை அவருடைய மருமகன் வில்லியம் ரோப்பர் எழுதி வைத்திருக்கிறார். மூர் இங்கிலாந்தின் தலைமை அமைச்சராக, லார்டு சான்சலராக இருந்த காலம். நார்ஃபோக் கோமகன் விருந்துக்காகச் செல்சிக்கு வந்தார். வீட்டில் ஆளைக் காணவில்லை. பங்கு ஆலயத்துக்குப் போய்ப் பார்த்தால், நாட்டின் சான்சலர் வெள்ளை அங்கி அணிந்து பாடகர் குழுவில் நின்று பாடிக்கொண்டிருக்கிறார். திரும்பி வரும் வழியில் கோமகன் கடிந்துகொண்டார். ஒரு சான்சலர் கோயில் உபதேசியாரைப் போல நிற்பது அரசருக்கே அவமானம் என்பது அவர் வாதம். அரசருக்கும் ஆண்டவராக இருப்பவருக்குத்தான் ஊழியம் செய்கிறேன், இதில் அரசர் எப்படி வருத்தப்படுவார் என்பதாக மூர் பதில் சொன்னார். பாடல் குழுவில் நிற்க வெட்கப்படும் நம் ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு இதைச் சொல்லலாம்.

இவ்வளவு சொன்ன நாம் ஒன்றை மறைத்துவிடக் கூடாது. 1529 அக்டோபர் முதல் 1532 மே வரை அவர் சான்சலராக இருந்த காலத்தில், புதிய சமயக் கொள்கையைப் பின்பற்றியவர்கள் ஆறு பேர் தீயிட்டுக் கொல்லப்பட்டார்கள். அன்றைய சட்டம் அப்படி என்று சொல்லலாம். ஆனால் மூர் அதை எதிர்க்கவில்லை, சரி என்றே எழுதினார். புனிதர்கள் தங்கள் காலத்தின் குருட்டுத்தனத்திலிருந்து முழுவதும் விடுபட்டவர்கள் அல்லர். தம் மனச்சான்றுக்காகச் சிறைப்பட்டவர், பிறர் மனச்சான்றைப் பற்றி என்ன நினைத்தார் என்ற கேள்வி நமக்கு இருக்கத்தான் செய்கிறது.

இனி அந்தப் பெரிய சோதனைக்கு வருவோம். அரசர் எட்டாம் ஹென்றி 1509-இல் அரகோன் நாட்டு இளவரசி கேத்தரினை மணந்தவர். ஆண் வாரிசு இல்லை. ஆன் பொலின் என்ற பெண்ணை மணக்க விரும்பினார். கேத்தரினோடு நடந்த திருமணம் செல்லாது என்று அறிவிக்கும்படி உரோமையைக் கேட்டார்; அது கிடைக்கவில்லை. எனவே தம் நாட்டுத் திருச்சபையையே தம் கைக்குள் கொண்டுவரத் தொடங்கினார். 1532 மே 15-ஆம் நாள் ஆயர்களின் மன்றம் அரசருக்குப் பணிந்தது. மறுநாளே மூர் பதவி விலகினார். உடல்நலம் சரியில்லை என்று காரணம் சொன்னார். மேடை போட்டு எதிர்க்கவில்லை, யாரையும் திரட்டவில்லை. வருமானம் போயிற்று, பணியாளர்களுக்கு வேறு இடங்களில் வேலை தேடிக் கொடுத்தார், வீட்டுச் செலவைச் சுருக்கினார்.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். கடவுளை நம்புகிறவர் ஆபத்தை நோக்கித் தாமாகவே பாய வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். மூர் அப்படி நினைக்கவில்லை. சட்டம் தெரிந்தவர், அந்த அறிவு முழுவதையும் பயன்படுத்தித் தப்பிக்கப் பார்த்தார். மறைசாட்சியத்தைத் தேடிப் போவது இறுமாப்பாகவும் இருக்கலாம், அப்படிப் போகிறவரைக் கடவுள் விழவிட்டுவிடவும் கூடும் என்று அஞ்சினார். ஆகவே அமைதியாக இருந்தார். ஆனால் அரசருக்கு அந்த அமைதியே பெரிய சத்தமாகக் கேட்டது. 1533 ஜூன் 1-ஆம் நாள் ஆன் பொலினுக்கு முடிசூட்டு விழா நடந்தது. புதிய உடை வாங்கிக்கொண்டு விழாவுக்கு வரும்படி ஆயர்கள் மூவர் 20 பவுண்டு அனுப்பி வைத்தார்கள். மூர் பணத்தை வாங்கிக்கொண்டார், விழாவுக்குப் போகவில்லை.

அவருக்குத் தூக்கம் போன நாட்கள் அவை. பக்கத்தில் மனைவி உறங்கிக்கொண்டிருக்க, தாமும் உறங்குவதாக அவர் நினைத்துக்கொள்ளும்படி அசையாமல் படுத்தபடி, தமக்கு என்னென்ன நேரலாம் என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்த இரவுகள் பல என்று பின்னர் மார்கரெட்டுக்கு எழுதினார். எண்ணிப் பார்க்கும்போது நெஞ்சு கனத்தது என்றும், ஆனாலும் மறுக்கும் முடிவை மாற்றிக்கொள்ள மனம் வரவில்லை என்றும் எழுதினார். கடன் தொல்லையிலோ வழக்கிலோ சிக்கியிருக்கும் எந்தக் குடும்பத் தலைவருக்கும் இந்த இரவுகள் தெரியும்.

1534 மார்ச் மாதம் வாரிசுரிமைச் சட்டம் நிறைவேறியது. ஆன் பொலினின் பிள்ளைகளே அரியணைக்கு உரியவர்கள் என்று எல்லாரும் ஆணையிட வேண்டும். ஆணையின் வாசகம் அதோடு நிற்கவில்லை. முதல் திருமணம் செல்லாது என்பதையும், அதன் வழியாகத் திருத்தந்தையின் அதிகாரத்தை மறுப்பதையும் உள்ளடக்கியிருந்தது. ஏப்ரல் 13-ஆம் நாள் லாம்பெத்துக்கு வரும்படி மூருக்கு அழைப்பு வந்தது. அன்று காலை அவர் முதலில் செய்தது, பங்கு ஆலயத்துக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்து, திருப்பலி கண்டு, நன்மை வாங்கியதுதான். பெரிய காரியம் எதையும் தொடங்குமுன் அவர் அப்படிச் செய்வது வழக்கம். பொதுவாக அவர் புறப்படும்போது மனைவியும் பிள்ளைகளும் படகுத்துறை வரை வந்து முத்தமிட்டு வழியனுப்புவார்கள். அன்று யாரும் வர வேண்டாம் என்று சொல்லித் தோட்டத்தின் சிறு கதவைத் தமக்குப் பின்னால் சாத்திக்கொண்டார். திரும்பிப் பார்த்தால் மனம் தளர்ந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. தேம்ஸ் நதியில் படகு சென்றுகொண்டிருந்தபோது வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு திடீரென்று மருமகன் ரோப்பரின் காதில், போரில் வெற்றி கிடைத்துவிட்டது, ஆண்டவருக்கு நன்றி என்று சொன்னாராம். அந்த நேரத்தில் ரோப்பருக்கு அது விளங்கவில்லை. உலகத்தின் கண்ணுக்கு அங்கே ஒரு போரும் நடக்கவில்லை, படகில் ஒரு மனிதர் சும்மா உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

லாம்பெத்தில் அன்று அழைக்கப்பட்டிருந்தவர்களில் அவர் ஒருவரே பொதுநிலையினர், மற்றவர்கள் எல்லாரும் குருக்கள். அரச வாரிசை முடிவு செய்யும் உரிமை நாடாளுமன்றத்துக்கு உண்டு, அதற்கு மட்டும் ஆணையிடுகிறேன் என்றார் மூர். அது போதாது என்றார்கள். யோசித்துப் பார்க்கச் சொல்லி ஓர் அறையில் உட்கார வைத்தார்கள். சன்னல் வழியே தோட்டத்தைப் பார்த்தார். ஆணையிட்டு முடித்த குருக்கள் அங்கே சிரித்துப் பேசிக்கொண்டு உலாவினார்கள். அறிவிலும் பக்தியிலும் தம்மைவிடப் பெரியவர்கள் என்று அவர் மதித்த பலர் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். எதிர்ப்பவர்கள் கெட்டவர்களாக மட்டும் இருந்தால் தாங்கிக்கொள்வது எளிது. நல்லவர்கள் எல்லாரும் ஒரு பக்கம், நாம் மட்டும் ஒரு பக்கம் என்று ஆகும்போதுதான் நம் மீதே நமக்குச் சந்தேகம் வருகிறது. மூர் ஒருவரையும் குறை சொல்லவில்லை. அவர்கள் மனச்சான்று அவர்களுக்கு, என்னுடையது எனக்கு என்று மட்டும் சொன்னார். ஏப்ரல் 17-ஆம் நாள் இலண்டன் கோபுரம் எனப்படும் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். ஆணையிட மறுத்த ஒரே ஆயரான ஜான் ஃபிஷரும் அதே கோட்டையில்தான் இருந்தார்.

சிறையில் அவர் பதினான்கு மாதங்களுக்கு மேல் இருந்தார். மார்பு வலி, சிறுநீரகக் கல், இரவில் காலைப் பிடித்து இழுக்கும் தசைப்பிடிப்பு. அவருக்கும் உடனிருந்த பணியாளருக்கும் சாப்பாட்டுக்காக வாரம் 15 ஷில்லிங் குடும்பமே கட்ட வேண்டும். சொத்துக்கள் பறிக்கப்பட்ட பின், அந்தப் பணத்துக்காக ஆலிஸ் தம் உடைகளை விற்க வேண்டியதாயிற்று. அவர் சிறைக்கு வந்து கணவரைப் பார்த்தபோது, எலியும் சுண்டெலியும் ஓடும் இந்த அழுக்கில் கிடப்பானேன், எல்லா ஆயர்களும் செய்ததை நீங்களும் செய்துவிட்டு வீட்டுக்கு வரக் கூடாதா, நல்ல வீடும் நூலகமும் தோட்டமும் உங்களுக்காகக் காத்திருக்கவில்லையா என்று கேட்டார். ஆலிஸை முரட்டுப் பெண்ணாகச் சித்தரிக்கும் எழுத்தாளர்கள் உண்டு. எங்களுக்கு அது நியாயமாகப் படவில்லை. வயிற்றுப் பாட்டையும் கணவரின் உயிரையும் ஒன்றாகச் சுமந்த ஒரு பெண் கேட்ட கேள்வி அது. சிரித்தபடியே மூர் சொன்ன பதில், இந்த வீடும் நம் வீட்டைப் போலவே விண்ணகத்துக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது என்பதாக இருந்தது.

அதைவிடக் கடினமான சோதனை மார்கரெட்டிடமிருந்து வந்தது. குடும்பத்தார் எல்லாரும் ஆணையிட்டுவிட்டார்கள். மார்கரெட்டும் கடவுளின் சட்டத்துக்கு உட்பட்ட அளவில் என்ற நிபந்தனையோடு ஆணையிட்டிருந்தார், அதனால்தான் அவருக்குத் தந்தையைச் சந்திக்க அனுமதி கிடைத்தது. அவர் வரும்போதெல்லாம் இருவரும் உடனே பேசத் தொடங்குவதில்லை. மனத்துயரின் திருப்பாடல்கள் ஏழையும், புனிதர்களின் பிரார்த்தனையையும் சேர்ந்து சொல்லி முடித்த பிறகுதான் வீட்டுச் செய்தி, நாட்டுச் செய்தி எல்லாம். செபம் முடிந்ததும் மகள் தந்தையை மசியவைக்கப் பார்ப்பார். 1534 ஆகஸ்டில் நடந்த அப்படியொரு சந்திப்பில், என் ஏவாளே, மறுபடியும் பழத்தோடு வந்துவிட்டாயா என்ற பொருளில் மூர் அவரைக் கேலி செய்ததாக ஒரு கடிதம் கூறுகிறது. உலகிலேயே தாம் அதிகம் நேசித்த பிள்ளையின் கண்ணீரை எதிர்த்து நிற்பதைவிட அரசரை எதிர்த்து நிற்பது அவருக்கு எளிதாக இருந்திருக்கும்.

அந்தக் கடிதத்திலேதான் நாம் சொல்லவந்த செய்தி இருக்கிறது. மார்கரெட் கேட்டது நியாயமான கேள்வி. இப்போது உறுதியாக இருக்கிறீர்கள். நாளை பயம் உங்களை வென்றுவிட்டால்? அப்போது ஆணையிட்டாலும் பயன் இராதே? தாம் அப்படி விழமாட்டேன் என்று மூர் சொல்லவில்லை. தம்முடைய பலவீனம் தமக்குத் தெரியும் என்றார். விரலால் சுண்டினால்கூட நடுங்கும் உடம்பு தம்முடையது என்று வேறோர் இடத்தில் எழுதியவர் அவர். ஆனால் பேதுருவை நினைத்துக்கொள்வேன் என்றார். காற்றைக் கண்டு பயந்து கடலில் மூழ்கத் தொடங்கிய பேதுரு ஆண்டவரைக் கூப்பிட்டாரே, அதைப் போல நானும் கூப்பிடுவேன், அவர் கை நீட்டுவார். ஒருவேளை அதற்கும் மேலே போய், மறுதலித்து ஆணையிட்ட பேதுருவைப் போல நானும் முழுவதுமாக விழுந்துவிட்டால்? அப்போதும் அன்று பேதுருவைத் திரும்பிப் பார்த்த அதே இரக்கக் கண்களால் ஆண்டவர் என்னையும் பார்த்து எழுப்பிவிடுவார் என்று நம்புகிறேன் என்றார்.

இதை நாம் மெதுவாக வாசிக்க வேண்டும். நான் விழமாட்டேன் என்பது அவர் நம்பிக்கை இல்லை. விழுந்தாலும் அவர் கைக்குள்தான் விழுவேன் என்பது. முதலாவது தன்னம்பிக்கை, அதற்குக் கடவுள் தேவையில்லை. செபித்த பிறகும் நெஞ்சு படபடக்கும் நமக்கு, இரண்டாவது வகை நம்பிக்கை இன்னும் மிச்சம் இருக்கிறது.

அவர் சிறையில் வைத்திருந்த செபப் புத்தகம் இன்றும் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. பாரிஸ் நகரில் அச்சான இலத்தீன் புத்தகம். அன்னை மரியாவுக்கான நேரச் செபங்களின் பக்கங்களில், அச்செழுத்துக்கு மேலும் கீழும் இருந்த வெற்றிடத்தில், பக்கத்துக்கு இரண்டொரு வரியாக ஆங்கிலத்தில் ஒரு செபத்தைத் தம் கையாலேயே எழுதியிருக்கிறார். அதில் விடுதலைக்கான வேண்டுதல் இல்லை. உலகத்தைப் பெரிதாக எண்ணாத மனம், மனிதர் வாயிலிருந்து வரும் சொற்களில் தொங்கிக்கொண்டிராத மனம், கடவுளோடு மட்டும் இருப்பதில் மகிழும் மனம் இவற்றைக் கேட்கிறார். முடிவில் தம் பகைவரைத் தம் சிறந்த நண்பராக எண்ணும் அருளைக் கேட்கிறார். யோசேப்பின் சகோதரர்கள் அவர்மேல் அன்பு வைத்திருந்தால் செய்திருக்கக்கூடியதைவிட, பகை வைத்துச் செய்ததுதானே அவருக்கு அதிக நன்மையாக முடிந்தது என்பது அவர் சொன்ன காரணம். அதோடு சேர்ந்த திருப்பாடல் நூலில், பொல்லாங்கு பேசுகிறவர்கள் நடுவில் செவிடரைப் போலவும் ஊமையைப் போலவும் இருப்பதாகச் சொல்லும் 38-ஆம் திருப்பாடலின் ஓரத்தில், துன்ப வேளையில் சாந்தமுள்ளவர் இப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும், திருப்பிப் பேசாமல் பழிப்பவரை ஆசீர்வதிக்க வேண்டும் என்ற கருத்தில் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். மகளோடு சேர்ந்து சொன்ன ஏழு திருப்பாடல்களில் அதுவும் ஒன்று. வாய் சொன்ன செபத்தை வாழ்க்கையில் எப்படிப் பொருத்துவது என்று பேனாவோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறார். நம் வீட்டுச் செபப் புத்தகங்களின் ஓரங்கள் எல்லாம் வெறுமையாகவே இருக்கின்றன.

1535 மே 4-ஆம் நாள் மார்கரெட் சிறைக்கு வந்திருந்தார். அவரும் தந்தையும் சன்னலருகே நின்றபோது, கர்த்தூசியன் துறவு மடத் தலைவர்கள் மூவரையும் வேறு இரு குருக்களையும் கொலைக்களத்துக்குக் கொண்டுபோவதைக் கண்டார்கள். அவர்களில் ஒருவரான ஜான் ஹூட்டன், மூர் இளமையில் செபித்த அதே இலண்டன் மடத்தின் தலைவர். மணமகன்கள் திருமணத்துக்குப் போவது போல மகிழ்ச்சியோடு போகிறார்கள் பார், என்று மகளிடம் சொன்னார் மூர். கடுந்தவத்தில் வாழ்ந்த அவர்களைக் கடவுள் விரைவில் அழைத்துக்கொள்கிறார், சொகுசாக வாழ்ந்த உன் தந்தைக்கு இன்னும் சிறிது துன்பம் பாக்கி இருக்கிறது என்பதுபோலப் பேசினார். துறவியாகாமல் போன அந்த மனிதர், அந்தச் சன்னலில் நின்று என்ன நினைத்திருப்பார்?

ஜூன் 12-ஆம் நாள் ரிச்சர்ட் ரிச் என்ற அரசு வழக்கறிஞர் இருவரோடு வந்து, மூரின் புத்தகங்களையும் எழுதுபொருட்களையும் எடுத்துப் போனார். அதன்பின் அறையின் சன்னலை மூடியே வைத்திருந்தார் மூர். புத்தகங்களை மூட்டை கட்டும்போது ரிச் ஏதோ நட்பாகப் பேசுவதுபோல் சட்டக் கேள்விகள் கேட்டிருந்தார். ஜூலை 1-ஆம் நாள் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் நடந்த விசாரணையில், அந்தப் பேச்சின்போது அரசர் திருச்சபைக்குத் தலைவராக முடியாது என்று மூர் சொன்னதாக ரிச் சாட்சி சொன்னார். மூர் அதை மறுத்தார். உடன் வந்த மற்ற இருவரும், புத்தகங்களைச் சாக்கில் திணிப்பதில் மும்முரமாக இருந்ததால் எதையும் கவனிக்கவில்லை என்றார்கள். அவர் ஒருகாலத்தில் நீதி வழங்கிய மண்டபம் அது. தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்தவர்களில் ஆன் பொலினின் தந்தையும் சகோதரரும் இருந்தார்கள். கால் மணி நேரத்தில் குற்றவாளி என்று முடிவாயிற்று. அதன் பிறகுதான், இனி மறைக்க எதுவும் இல்லை என்ற நிலையில், மூர் வாய் திறந்து தம் மனதிலுள்ளதைச் சொன்னார். முடிவில் தம் நீதிபதிகளைப் பார்த்து, ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்றபோது உடனிருந்த பவுலும் ஸ்தேவானும் இன்று விண்ணகத்தில் நண்பர்களாக இருப்பதைப் போல நாமும் அங்கே மகிழ்ச்சியாகச் சந்திப்போம், அதற்காகச் செபிப்பேன் என்றார்.

கோட்டைக்குத் திரும்பும் வழியில், படகுத்துறையில் காத்திருந்த மார்கரெட் ஈட்டி பிடித்த காவலர்களுக்குள் புகுந்து எல்லார் முன்னிலையிலும் தந்தையைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டார். சற்றுத் தூரம் போனவர் தாங்கமாட்டாமல் திரும்பி ஓடிவந்து மறுபடியும் கட்டிக்கொண்டார். பார்த்தவர்கள் அழுதார்கள். ஜூலை 5-ஆம் நாள் மூர் ஒரு கரித்துண்டால் மகளுக்குக் கடைசிக் கடிதம் எழுதி, அன்று அவர் ஓடிவந்து கட்டிக்கொண்டதைப் போல வேறெந்த நாளும் தமக்குப் பிடித்ததில்லை என்று குறிப்பிட்டார். மயிராடையையும் அவருக்கே அனுப்பி வைத்தார். அதைப் பயன்படுத்தும் வேலை முடிந்துவிட்டது அல்லவா! இங்கிலாந்தின் பக்ஃபாஸ்ட் துறவு மடத்தில் அந்த ஆடை இன்றும் பாதுகாக்கப்படுகிறது.

ஜூலை 6-ஆம் நாள் காலை ஒன்பது மணிக்கு முன்பாக அவரைக் கொலை மேடைக்குக் கொண்டுபோனார்கள். அதிகம் பேச வேண்டாம் என்று அரசர் சொல்லியனுப்பியிருந்தார், அதற்கும் கீழ்ப்படிந்தார். ஆட்டம் கண்டிருந்த மேடையில் ஏறும்போது, ஏற மட்டும் உதவி செய்யுங்கள், இறங்குவதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்பதாக அதிகாரியிடம் வேடிக்கையாகப் பேசினார். தமக்காகச் செபிக்கும்படி மக்களைக் கேட்டுக்கொண்டார். முழந்தாளிட்டு 51-ஆம் திருப்பாடலைச் சொன்னார். மகளோடு சிறையில் சொன்ன ஏழில் அதுவும் ஒன்று. பயம் அவரை விட்டுப் போயிருந்ததா என்று நமக்குத் தெரியாது. கால்கள் நடந்தன.

அவருடைய தலை இலண்டன் பாலத்தில் வைக்கப்பட்டது. மார்கரெட் அதைப் பெற்றுப் பாதுகாத்தார். நானூறு ஆண்டுகள் கழித்து, 1935 மே 19-ஆம் நாள், திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் அவருக்கும் ஜான் ஃபிஷருக்கும் புனிதர் பட்டம் வழங்கினார். 2000 அக்டோபர் 31-ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவரை அரசியலாளரின் பாதுகாவலராக அறிவித்தார்.

சிறையில் அவர் கடைசியாக எழுதிக்கொண்டிருந்தது, கெத்சமனித் தோட்டத்தில் இயேசு அடைந்த துயரத்தைப் பற்றிய ஓர் இலத்தீன் நூல். ஆண்டவர் ஏன் பயந்தார், ஏன் வியர்வை இரத்தமாகச் சிந்தும் அளவுக்கு நடுங்கினார் என்று அதில் கேட்கிறார். தைரியசாலிகளுக்கு முன்மாதிரிகள் ஏற்கெனவே நிறைய உண்டு. நடுங்குகிறவர்களுக்குத் தம் ஆடையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் வர ஒருவர் வேண்டும், அதற்காகவே ஆண்டவர் அந்தப் பயத்தை ஏற்றுக்கொண்டார் என்பது அவர் கண்ட விளக்கம். அவர் கையெழுத்திலேயே உள்ள அந்த ஏடுகள் ஸ்பெயின் நாட்டு வலென்சியாவில் 1963-இல் அடையாளம் காணப்பட்டன. அதற்கு வெகு காலம் முன்பே மார்கரெட்டின் மகள் மேரி, தம் தாத்தாவின் அந்த நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார், 1557-இல் அது அச்சில் வந்தது. வீரர்கள் இயேசுவின் மேல் கைவைத்துப் பிடிக்கும் இடத்தோடு நூல் நின்றுவிடுகிறது. இதற்கு மேல் அவர் எழுதவில்லை, புத்தகங்களையும் பேனாவையும் மையையும் தாளையும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள் என்று அந்தப் பக்கத்தின் கீழே ஒரு சிறு குறிப்பு மட்டும் இருக்கிறது.